கல்லுள்ளைக் காட்டிக்கொடுத்தது யார்?

எங்கள் வீட்டுக் கொல்லைக் கட்டடத்தின் கதவில் சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருந்ததை முதலில் பார்த்தவர் என் மைத்துனர், அதாவது என் கணவரின் தமையனார். பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனவர் வாய்கூடக் கொப்பளிக்காமல் கூடத்துக்கு ஓடிவந்தார்.

"அப்பா, யாரோ காட்டிக்குடுத்துட்டா."

என் மாமனார் வக்கீல். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். என்ன, ஏது என்று அவர் விசாரிக்கவில்லை. "யாரு?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி அதற்கப்புறம் வெகுகாலம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு மயிலாப்பூர் குளத்துக்குக் கிழக்கே, சாந்தோம் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசல் கோயில் பக்கம், கொல்லை கடல் பக்கம். கொல்லை மதிலில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் ஒற்றையடிப் பாதை, தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் மீனவர் குப்பம். கிணறு, வேப்பமரம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் பின்னால் மதிலை ஒட்டினாற்போல் நின்றது அந்தக் கட்டடம். ஒரே அறை. முழங்கை நீளத்துக்குக் கனமான கருங்கல் சுவர். மேலே வளைந்த கூரை. கை நுழையும் அளவுக்கு இரண்டு ஜன்னல்கள். கதவுக்கு மேலே உள்ள கல்லில் என்னவோ செதுக்கியிருந்தது. மழையிலும் உப்புக்காற்றிலும் தேய்ந்துபோய் இன்னதென்று தெரியாது. பூ என்பார் மாமனார். கப்பல் நங்கூரம் என்பார் என் கணவர். குப்பத்து ஜனங்கள் அது சிலுவை என்றார்கள். பறங்கியர் காலத்துக் கோயில் என்றும், வெடிமருந்துக் கிடங்கு என்றும், வெறும் உப்புக் கிட்டங்கி என்றும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாமனாரின் பாட்டனார் இடத்தை வாங்கியபோதே அது பழைய கட்டடம்தானாம்.

வீட்டுப் பெண்களாகிய எங்களுக்கு அது 'கல்லுள்', கல்லால் ஆன உள். மாதத்தில் மூன்று நாள் நாங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. அந்த மூன்று நாளும் அங்கேதான் இருப்போம். சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். மற்ற வீடுகளில் பெண்கள் கொட்டகையிலோ பின்கட்டு நடையிலோ மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு மட்டும் வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக, கதவைச் சாத்திக்கொள்ளும்படியாக ஒரு அறை. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே போவதை அவமானமாக நினைத்தேன். அப்புறம் நாளை எண்ணிக் காத்திருக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்து இறுதி வகுப்பு வரை படித்தவள் நான். இங்கிலீஷ் பேப்பர் பழசானதும் மடித்து எடுத்துக்கொண்டு போய் அந்தச் சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படிப்பேன்.

அதை இடிப்பதாக இருந்தார்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம். என் மைத்துனர் அங்கே ஒரு மனை வாங்கி பங்களா கட்டத் தீர்மானித்திருந்தார். கொல்லைக் கட்டடத்தின் கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினால் அஸ்திவாரத்துக்கு ஆகிவிடும் என்று கண்ட்ராக்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மாமனாருக்கும் சம்மதம். எங்களை யாரும் கேட்கவில்லை. பெண்கள் மூன்று நாள் எங்கே இருப்பது என்பதெல்லாம் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற விஷயமா?

இந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ். கிடைத்த தகவலின்பேரில் மேற்படிக் கட்டடத்தைப் புராதனச் சின்னமாகக் கருதி ஸம்ரக்ஷிக்க உத்தேசம். ஆட்சேபம் உண்டானால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டியது. இடிக்கவோ மாற்றவோ கூடாது. மாமனார் கதவருகே நின்று அதை வாய்விட்டுப் படித்தார். 'கிடைத்த தகவல்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தார். மாமியார், மைத்துனர், அவர் மனைவியான என் ஓர்ப்படி, நான், என் கணவர் எல்லோரும் கிணற்றடியில் நின்றிருந்தோம். அவர் பார்வை என்மேல் வந்தபோது கொஞ்சம் தங்கியது.

"தானா தகவல் கிடைக்காது. ஒருத்தர் குடுத்தாத்தான் கிடைக்கும். சர்க்காருக்குத் தமிழ்ல குடுத்தா எடுபடாது" என்றார்.

அந்த வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து மாமனார் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். "விலாசம் எழுதிக்குடு. என் கை நடுங்கறது" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னிடம் இப்படி எதுவும் கேட்டதில்லை. கை நடுங்குகிறதென்றவர் அன்று காலைதான் தானே க்ஷவரம் செய்துகொண்டிருந்தார். புரிந்துகொண்டேதான் எழுதினேன். மசி காயும்வரை அவர் நகரவில்லை. அந்தக் கவரை அவர் எந்தத் தபால் பெட்டியிலும் போடவில்லை. அதை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போய், வந்த மனுவைக் காட்டச் சொல்லி, கையெழுத்தை ஒத்துப் பார்ப்பதுதான் அவர் எண்ணம். அங்கே அப்படி மனு எதுவும் இல்லை என்றார்களாம். வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னது: "மனுவை ஒளிச்சு வச்சிருக்கான். எழுதினது ஸ்திரீன்னா பேரைக் காப்பாத்தத்தான் பார்ப்பான்."

அன்று சாயங்காலம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என் கணவர் கேட்டார். "சத்தியமா நீ இல்லையே?"

'இல்லை' என்றேன். அந்த 'இல்லையே' எனக்கு வலித்தது. அப்பாவுக்காகக் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஒரு வீடு எப்படி மாறிப்போகும் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். மாமனார் தம் பீரோவைப் பூட்டத் தொடங்கினார். என் அப்பாவிடமிருந்து வரும் கவர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் தருவார். நான் கூடத்துக்குள் வந்தால் மைத்துனர் பேச்சை நிறுத்துவார். பேப்பரை எடுத்தால் ஓர்ப்படி, "இன்னிக்கு என்ன போட்டிருக்கான், நம்மாத்தைப் பத்தியா?" என்பாள். அவளுக்கு மாம்பலம் பங்களா தள்ளிப்போன ஆத்திரம். நானும் சும்மா இருக்கவில்லை. ஒருவேளை அவளே யாரிடமாவது உளறிவிட்டு என்மேல் திருப்புகிறாளோ என்று அவள் கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் யாரோடு பேசுகிறாள் என்று கவனித்தேன்.

எனக்கு இன்னொருத்தியின் மேலும் சந்தேகம் இருந்தது. குப்பத்திலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைப் பாதையாகப் போகிற ஒரு அம்மாள். மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்களுக்கும் மீனுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வருஷத்தில் ஒருநாள் விடிகாலையில் கொல்லைக் கதவைத் தட்டுவாள். மாமியார் திறந்துவிடுவார். அவள் அந்தச் சித்திரக் கல்லுக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி ஏற்றி, கும்பிட்டுவிட்டுப் போவாள். ஆண்கள் எழுந்திருப்பதற்குள் மெழுகுவத்தி இருந்த இடம் துடைத்திருக்கும். கல்லை இடித்தால் அதிகம் கஷ்டப்படுகிறவள் அவள்தானே என்று எனக்குத் தோன்றியது. கதவண்டை நின்று அவளையே கேட்டேன்.

"நான் எய்தி குடுத்தேனா? எனுக்கு கைநாட்டு கூட ஒயுங்கா வராது. போமா!" என்று சிரித்தாள். அப்புறம் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். "உங்க வூட்ல உன்னியத்தான் சந்தேகப்பட்டுக்கினு கீறாங்களாமே? நெஜமா?"

"உனக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். எங்கள் கூடத்தில் நடப்பது அவளுக்கு எப்படி எட்டியது என்பது எனக்கு உறுத்தியது.

மாமனார் ஆட்சேப மனு போட்டார். வக்கீல் எழுதிய மனு, பக்கம் பக்கமாக. இலாகா அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்தார். தலைப்பாகையும் கோட்டுமாக, அளவு நாடாவோடு ஒரு சேவகன் பின்னால். நாங்கள் சமையலுள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கட்டடம் எதுக்கு உபயோகத்துல இருக்கு?" என்றார் அதிகாரி.

மாமனார் கனைத்தார். கோர்ட்டில் மடை திறந்தாற்போல் பேசுகிறவர். மைத்துனர் வேப்பமரத்தைப் பார்த்தார். என் கணவர் தம் காலைப் பார்த்தார்.

"விறகு... விறகு வைக்கறது" என்றார் மாமனார்.

"விறகு வைக்கறதுக்கு வேற இடம் பார்த்துக்கலாமே. இடிக்கத்தான் வேணும்கறதுக்கு அது ஒரு காரணமா?"

எனக்குப் பக்கத்தில் நின்ற மாமியார் முகத்தை அப்போது பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார். மற்றொன்றும் அப்போதுதான் உறைத்தது. அதிகாரி கொல்லைக்குள் வந்ததும் வழி கேட்கவில்லை. சாணிக்குழியைச் சுற்றிக்கொண்டு நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனார். முன்னாலேயே ஒருமுறை வந்திருக்கிறார். எப்போது? நோட்டீஸுக்கு முந்தின பிரதோஷத்தன்று மாமியார் ஓர்ப்படியையும் என்னையும் வலுக்கட்டாயமாகக் கோயிலுக்கு அனுப்பிவைத்தார். "நான் ஆத்தைப் பார்த்துக்கறேன், நிதானமா வாங்கோ" என்றார். பிரதோஷத்தைத் தவறவே விடாதவர் அவர்.

அன்று மத்தியானம் அவர் வேப்பம்பூ பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீங்கதானா?"

அவர் முறத்திலிருந்து நிமிரவில்லை. "அந்த உள்ளை இடிச்சுட்டா நீங்க ரெண்டு பேரும் எங்கே போவேள்? கொட்டாய்லயா? எனக்கு அதெல்லாம் நின்னு போச்சு. ஆனாலும் மனசு கேக்கலை. பதிமூணு வயசுல இந்தாத்துக்கு வந்தேன். இத்தனை வருஷத்துல நான் தனியா, யாருக்கும் பதில் சொல்லாம உக்காந்திருந்த இடம் அது ஒண்ணுதான்."

மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அந்த மூன்று நாட்களில் வீட்டார் யாரும் அவரோடு பேசமாட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் போகிற மீன்காரம்மாளுக்கு அந்தத் தீட்டெல்லாம் கிடையாது. இருவரும் ஒரே வயது. மதிலுக்கு இந்தப் பக்கம் இவரும் அந்தப் பக்கம் அவளுமாக வருஷக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றது, பறிகொடுத்தது, புருஷன் கோபம், எல்லாம். இடிக்கப்போகிற சேதியை அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். சாந்தோமில் பழைய சமாதிக் கற்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் அவள் நேரே போய், "அய்யா, எங்க பக்கத்துல இத்தவிட பழசு ஒண்ணு கீது, வந்து பாரு" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மாமியார் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அவ்வளவுதான். மாமனார் தேடிய இங்கிலீஷ் மனு உலகத்திலேயே இல்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இத்தனை நாளா என்னைன்னா திருடி மாதிரி பார்த்துண்டிருக்கா. நீங்க பாத்துண்டு சும்மா இருந்தேளே."

"நாலு நாள்ல மறந்துடுவார்னு நெனச்சேன்."

"மறக்கலை."

முறத்தை ஒருமுறை குலுக்கினார். "சரி. நான் சொல்லிடறேன்."

மறுநாள் மாமனார் சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் பரிமாறிக்கொண்டே சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அந்தக் கட்டட விஷயம். அவளைச் சந்தேகப்படாதேங்கோ. நான்தான் அந்த மனுஷரை வரவழைச்சேன்."

மாமனார் கையைச் சாதத்திலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நீயா? வாசல்ல தயிர்க்காரி வந்தாலே கதவிடுக்கில நின்னு பேசறவ. கோட்டு போட்ட ஆபீசரை வரவழைச்சயா?"

"ஆமாம்."

"இதை உனக்கு யார் சொல்லிக்குடுத்தா?" சிரிப்பு போய்விட்டது. என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் என்னிடம்தான் சொன்னார். "பலே. சாட்சியையும் தயார் பண்ணியாச்சு."

நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. மாட்டுப்பெண் மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டாள் என்று முடிவு கட்டினார். மாமியார் கையால் பரிமாறினால் சாப்பிடுவதில்லை, ஓர்ப்படிதான் போடவேண்டும். மாமியாரோடு பேச்சே நின்றது. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். மாமியார் எதையும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் தாமும் சரியாகச் சாப்பிடாமல் இளைக்க ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைத் தாமாகச் செய்து, அதைத் தம் வாயால் சொல்லியும் சொந்தப் புருஷன் நம்பவில்லை. என்மேல் இருந்த சந்தேகத்தைவிட அது எனக்குக் கொடுமையாகப் பட்டது.

இதற்குள் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள். கதவில் பூட்டு போட்டு, பக்கத்தில் எனாமல் பலகை ஒன்றை நட்டார்கள். இங்கிலீஷிலும் தமிழிலும் எச்சரிக்கை. கட்டடத்தைச் சுற்றிப் புதிதாகச் சுவர் எதுவும் எழுப்பக்கூடாது என்றும் சொல்லிவிட்டதால், இனி எவனும் அந்த வழியாக நுழையாதபடி கொல்லைக் கதவைச் சுவர் வைத்து அடைத்துவிட நினைத்த மாமனாரால் அதுவும் முடியவில்லை. சாவி வீட்டுக்காரர் பொறுப்பில். மாமனார் அதை அரைஞாணில் கட்டிக்கொண்டார். முதல் மாதம் ஓர்ப்படிக்கு நாள் வந்தது. சாவி வேண்டுமே? மைத்துனர் தயங்கித் தயங்கி அப்பாவிடம் போய் நின்றார். எதற்கு என்றார் மாமனார். மைத்துனர் கொல்லைப் பக்கம் பார்க்க, இவருக்கும் புரிந்துவிட்டது. சாவியை அவிழ்த்து அவர் கையில் போட்டு, "இதை உங்கம்மாகிட்ட குடு. இனிமே என்கிட்ட வராதே" என்றார். அப்படியாக, மாமனார் அதிகாரியிடம் சொன்ன அந்த இல்லாத விறகுதான் வெளியேறியது. எங்கள் உள் எங்களுக்கே வந்து சேர்ந்தது. மைத்துனர் மாம்பலத்தில் செங்கல் அஸ்திவாரம் போட்டு பங்களா கட்டிக்கொண்டு போனார்.

மாமனாரின் மௌனம் மட்டும் போகவில்லை. ஒருநாள் அவர் ஊஞ்சலில் தனியாக இருந்தபோது நான் எதிரில் போய் நின்றேன். முன்னால் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை.

"அப்பா, நான்தான் எழுதினேன்" என்றேன்.

ஊஞ்சல் நின்றது. "டிராப்ட் யார் போட்டா?"

"நானே போட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னா."

"நான் முதல் நாளே சொன்னேன்" என்றார். கோபமே இல்லை. முகத்தில் ஜயித்த கேஸின் திருப்தி. அன்றிரவே, "ஏண்டி, மோர் இருக்கா?" என்று மாமியாரை நேரே கேட்டார். சமையலுள்ளில் நின்றிருந்த எனக்கு உடம்பு லேசாயிற்று.

கொஞ்ச நாளில் அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "எங்க சின்ன மாட்டுப்பொண் ஒரு மனு எழுதினா பாருங்கோ, சர்க்காரே அசந்து போச்சு. நான் ஆட்சேபம் பண்ணியும் நிக்கலை." யாரும் பார்த்திராத அந்த மனு வருஷத்துக்கு வருஷம் நன்றாகிக்கொண்டே போயிற்று. மீன்காரம்மாள் வரைக்கும் அது எட்டியது. "இன்னாமா, நீ எய்தினேன்னு ஊரே பேசிக்கினு கீது?" என்று கொல்லைக் கதவில் நின்று கேட்டு, மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. சந்தோஷமா, தாம் செய்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்ற வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அதனால் ஒன்று நடந்தது. எங்கள் சந்தில் சாக்கடை உடைந்து மழைக்காலத்தில் வீடு வீடாக நீர் புகுந்தபோது, தெருக்காரர்கள் வந்து மாமனாரிடம், "உங்க மாட்டுப்பெண்ணை ஒரு மனு எழுதித்தரச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். மறுக்க வழியில்லை. என் வாழ்க்கையில் நிஜமாகவே நான் எழுதிய முதல் இங்கிலீஷ் மனு அது. மூன்று தடவை அடித்துத் திருத்தி, நகல் எடுத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை. ஆனா போன தடவை எழுதின அளவுக்கு இல்லையே. இதுக்கு யாராவது ஒத்தாசை பண்ணினாளா?"